குடும்ப வன்முறையைப் பேச ஒரு படம்: வாசகிக்குப் பதில்

கேள்வி: பினாங்கு, பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். அருகிலுள்ள கோயிலின் மகளிர் பிரிவுக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். எங்கள் மாடியில் குடியிருந்த இளம்பெண் ஒருத்தி, கணவன் அடித்ததில் கை முறிந்து, பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பல மாதங்களாக அந்த வீட்டுச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. இனி இப்படி நடக்கக்கூடாது என்று, வரும் நவம்பரில் ஒரு திரைப்படத்தைக் காட்டிப் பேசலாம் என நினைக்கிறோம். எந்தப் படம் காட்டலாம்? ஆண்களையும் அழைக்கலாமா? யாராவது அழுதுவிட்டால் என்ன செய்வது? "குடும்ப விஷயத்தைக் கோயிலுக்குள் கொண்டுவராதீர்கள்" என்று தலைவர் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தப் படம் என்ற கேள்விக்குச் சற்றுப் பின்னர் வருகிறேன். படம் முடிந்து, நீங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் அருகில் வந்து நிற்கப்போகும் பெண்ணைப் பற்றி முதலில் பேச வேண்டும். இத்தகைய திரையிடல்களை நடத்தி வரும் குடும்பநல ஆலோசகர் என்ற முறையில் சொல்கிறேன், அவர் வரக்கூடும் என்று நினைத்தே நீங்கள் திட்டமிட வேண்டும். கலந்துரையாடலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவராக அவர் இருப்பார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு" என்று ஆரம்பிப்பார். பேசும்போதே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சில நிமிடங்களில் அவருக்கு என்ன சொல்வது, யாரிடம் அழைத்துப் போவது, அன்றிரவு அவர் வீட்டுக்குத் திரும்ப முடியாது என்றால் எங்கே தங்கவைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகே படத்தைத் தேடத் தொடங்குங்கள். இந்த ஏற்பாடு இல்லாத திரையிடல், ஒரு பெண்ணைப் பேச வைத்துவிட்டு, பேசியதன் விலையை அவர் மட்டும் வீட்டில் கொடுக்கும்படி விட்டுவிடுகிறது.

படத்தால் ஆகக்கூடியது என்ன, ஆகாதது என்ன என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மனைவியை அடிக்கும் ஒருவர் ஒரு மாலை நேரத்துப் படத்தைப் பார்த்துத் திருந்திவிடுவார் என்று நான் நம்பவில்லை. நீங்களும் அந்த நம்பிக்கையோடு இதில் இறங்க வேண்டாம். ஆனால், தன் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாதவர்கள், திரையில் வந்த ஒரு பெண்ணைப் பற்றியும் அவள் மாமியாரைப் பற்றியும் எதிர்வீட்டுக்காரரைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தப் பேச்சில்தான் ஒரு குடியிருப்பின் மனம் வெளிப்படுகிறது: எதை வன்முறை என்று ஏற்றுக்கொள்கிறார்கள், எதைக் 'கண்டிப்பு' என்று மன்னித்துவிடுகிறார்கள், எந்த இடத்தில் தலையிடுவது தங்கள் வேலை இல்லை என்று நினைக்கிறார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும். உங்கள் கடிதத்தின் மையமும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் அந்தக் கணவனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். சத்தம் கேட்டும் கதவுக்குள்ளேயே இருந்துவிட்ட உங்கள் மாடியைப் பற்றித்தான் வருந்தியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் திரையிடலை அக்கம்பக்கத்தாரை நோக்கியே அமைத்துக்கொள்ளும்படி ஆலோசனை சொல்கிறேன்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. இந்தியாவில் 2008ஆம் ஆண்டு 'பெல் பஜாவோ', அதாவது 'மணியை அடியுங்கள்' என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஒவ்வொன்றும் சுமார் ஒரு நிமிடம் ஓடக்கூடியவை. ஒன்றில், கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருக்கும் சிறுவர்களுக்கு ஒரு வீட்டிலிருந்து பெண்ணின் அலறல் கேட்கிறது. ஒருவன் போய் அந்த வீட்டு மணியை அடித்து, எங்கள் பந்தைக் கொடுங்கள் என்று கேட்கிறான். பந்தோ அவன் கையிலேயே இருக்கிறது. அடிப்பவனுக்கும் புரிந்துவிடுகிறது, வெளியில் இருப்பவர்களுக்குக் கேட்கிறது என்று. அந்த விளம்பரத்தில் ஓர் அடியைக்கூடக் காட்டவில்லை. அந்த இயக்கமும் விளம்பரங்களோடு நின்றுவிடவில்லை. படக்காட்சி வண்டிகள் ஊர் ஊராகச் சென்றன, ஆங்காங்கே மக்களோடு பேச ஆட்களும் உடன் சென்றார்கள். தென்னாப்பிரிக்காவில் 1999இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரும் இதே வழியில்தான் போனது: அண்டை வீட்டார் பாத்திரங்களைத் தட்டி ஓசை எழுப்பி, அடிப்பவனுக்குத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவிக்கும் காட்சி அதில் வந்தது. தொடரோடு சேர்த்து உதவிக்கான தொலைபேசி எண்ணும் மக்களுக்குத் தரப்பட்டது.

இப்போது படத்துக்கு வருகிறேன். இரண்டரை மணி நேர வணிகப் படம் வேண்டாம். அது முடிந்ததும் எல்லாருக்கும் பசி வந்துவிடும், பேச நேரம் இருக்காது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. நம் தமிழ்ப்படங்களில் பெரும்பாலானவை பெண்ணின் துன்பத்தை அழகாகப் படம்பிடித்து, வயலின் இசை சேர்த்து, கடைசியில் ஒரு நாயகன் வந்து வில்லனை அடித்து நொறுக்குவதாக முடிக்கின்றன. அடியை அடியால் தீர்த்த திருப்தியோடு மக்கள் எழுந்து போவார்கள். தாங்கள் செய்யவேண்டியது ஏதாவது உண்டா என்ற கேள்வியே எழாது. இன்னொரு வகைப் படத்தில் அந்தப் பெண் இறந்துபோகிறாள். அதையும் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் மண்டபத்தில் அதே நிலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, வெளியேற வழியே இல்லை என்ற செய்தியை நீங்களே கொடுத்ததாக ஆகிவிடும்.

பத்து முதல் இருபது நிமிடம் ஓடும் குறும்படமாகத் தேர்ந்தெடுங்கள். அடிக்கும் காட்சி நெருக்கத்தில் காட்டப்படாததாக இருக்கட்டும். பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, கைப்பேசியைச் சோதிப்பது, பிறந்தவீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது, பிள்ளைகள் முன்னால் இழிவாகப் பேசுவது போன்றவற்றையும் காட்டும் படம் கிடைத்தால் மிகவும் நல்லது. ஏனென்றால் காயம் தெரிந்தால்தான் வன்முறை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கதையில் அண்டை வீட்டாரோ, உறவினரோ, முதலாளியோ, ஆசிரியரோ, யாராவது ஒரு மூன்றாம் மனிதர் கட்டாயம் இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த படத்தைக் குழுவினர் இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை கணவன் மனைவியை விட்டுவிட்டு, சுற்றியிருப்பவர்களை மட்டும் கவனியுங்கள். அவர்களைப் பற்றிக் கேட்பதற்கு உங்களுக்கு நாலு கேள்விகூடத் தோன்றவில்லை என்றால், அது எவ்வளவு சிறந்த படமாக இருந்தாலும் உங்கள் கூட்டத்துக்கு உதவாது. பேச்சு தமிழிலும் எழுத்து மலாயிலும் இருந்தால் இளையவர்களுக்கும் வசதி.

தமிழ்ப்பட விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். 2016இல் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, மறுக்கும் பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்துவதைக் காதல் என்று காட்டிவந்த நம் சினிமாவைப் பற்றித் தமிழ்நாட்டில் பெரிய விவாதம் எழுந்தது. இங்கே மலேசியாவிலும் நம் பிள்ளைகள் அதே பாடல்களுக்குத்தான் ஆடுகிறார்கள். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு தனிக் கூட்டம் நடத்துவதாக இருந்தால், எல்லாரும் விரும்பிப் பார்த்த அத்தகைய ஒரு காட்சியையே எடுத்துக்கொண்டு பேசலாம். 2023 முதல் நம் நாட்டில் ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து அச்சுறுத்துவது குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவின் கீழ் குற்றம் என்பதைச் சொன்னால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சட்டம் என்றதும் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் பொதுத் திரையிடல்களுக்கும் பொருந்தும். இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமைப் பணியாளர் மீது இச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டு, 2017இல் 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். உங்கள் படம் அப்படிச் சர்ச்சைக்குரியது இல்லை என்றாலும், தணிக்கை வாரியத்தின் அனுமதி பெற்ற படமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். படத்தின் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வீட்டில் பார்க்கக் கட்டணம் செலுத்திய நெட்ஃபிளிக்ஸ் கணக்கை அப்படியே மண்டபத்தில் ஓடவிடுவது முறையாகாது. பெண்கள் அமைப்புகளின் வழியாகப் போனால், அனுமதியுள்ள படமும் பேச்சை நடத்தப் பயிற்சி பெற்றவரும் சேர்ந்தே கிடைக்க வாய்ப்புண்டு.

அழைப்பிதழிலும் இடத்திலும் கொஞ்சம் யோசனை தேவை. 'குடும்ப வன்முறைக்கு எதிரான கூட்டம்' என்று பெரிய எழுத்தில் சுவரொட்டி ஒட்டினால், யாருக்கு இது மிகவும் தேவையோ அவர்தான் வர முடியாமல் போவார்; அவர் கணவரும் அந்தச் சுவரொட்டியைப் படிப்பார் அல்லவா? 'மகளிர் குறும்பட மாலை' என்று போட்டால் போதும். ஆனால் உள்ளே வந்தவர்களிடம் மறைக்கக்கூடாது. விளக்கை மங்கலாக்கும் முன்பே, "இந்தப் படத்தில் ஒரு பெண் வீட்டில் அனுபவிக்கும் கொடுமை வருகிறது, யாருக்காவது பார்க்கக் கஷ்டமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்" என்று சொல்லிவிடுங்கள். மண்டபத்தை முழு இருட்டாக்க வேண்டாம். கதவருகே நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போடுங்கள். பிறை தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் உங்கள் குடியிருப்பில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களைக் கேட்டே நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். பிள்ளைகளை அதே மண்டபத்தில் ஓடவிடாமல், பக்கத்து அறையில் இருவர் பொறுப்பில் வையுங்கள். எட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய், "அம்மா அங்க பேசினாங்க" என்று சொல்லிவிட்டால் அது எங்கே போய் முடியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நம் நிகழ்ச்சிகளின் வழக்கங்களில் மூன்றை அன்று கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதி வாங்கும் வருகைப் பதிவேடு கூடாது. முடிவில் எல்லாரும் நின்று எடுக்கும் குழுப்படம் கூடாது. ஃபேஸ்புக் நேரலை கூடவே கூடாது. உதவித்தொகைக் கணக்குக்குப் படம் தேவை என்று யாராவது சொன்னால், ஆள் வருவதற்கு முன் வெறும் நாற்காலிகளைப் படமெடுத்துக் கொடுங்கள்.

கோயில் மண்டபத்தைப் பற்றித் தலைவர் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருப்பது தெரிகிறது. அவரோடு வாதாட வேண்டாம். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் நம் நாட்டில் எல்லா மதத்தினருக்கும் நடப்பில் இருக்கிறது என்பதையும், வீட்டுக்குள் நடப்பதால் அடி குற்றமாகாமல் போவதில்லை என்பதையும் அமைதியாகச் சொல்லுங்கள். அவர் இணங்கினாலும் இணங்காவிட்டாலும், என் சொந்தக் கருத்து, முதல் கூட்டத்தைக் குடியிருப்பின் பொது மண்டபத்தில் வைப்பதே நல்லது என்பதுதான். பட்டர்வொர்த்தில் உங்கள் மாடியிலேயே தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கும். கோயில் மண்டபம் என்றால் அந்தச் சகோதரிகள் தயங்குவார்கள். சத்தம் அவர்கள் வீட்டுக்கும்தான் கேட்டது.

இனி கலந்துரையாடல். படம் முடிந்தவுடன் "படம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், நல்லா இருந்தது என்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "அந்தச் சத்தம் முதன்முதலில் யார் காதில் விழுந்தது? அவர் என்ன செய்தார்? ஏன் அப்படிச் செய்தார்?" என்று திரையில் வந்த ஆட்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். யாரையும் தன் கதையைச் சொல்லத் தூண்டாதீர்கள். தானாகச் சொல்லத் தொடங்குபவரையும் மென்மையாக நிறுத்தி, "இதை நாம் தனியாக உட்கார்ந்து பேசலாம் அக்கா, நான் உங்களோடு இருக்கிறேன்" என்று சொல்லி, அதற்கென நியமித்த ஒருவர் அவரை, பிள்ளைகள் இல்லாத வேறொரு தனி அறைக்கு அழைத்துச் செல்லட்டும். அழுவது தவறில்லை, அழுபவரை இருபது பேர் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிறகு அவரைக் குன்றச் செய்யும்.

பேச்சில் உறுத்தலான கருத்துகள் வந்தே தீரும். ஒரு திரையிடலில் நடந்ததைச் சொல்கிறேன். படத்தில் கணவன் அறைந்த காட்சியைப் பற்றிப் பேசும்போது மூத்த அம்மா ஒருவர், "அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தானே, ஆம்பள களைச்சு வர்ற நேரத்துல எதுக்கு எதிர்த்துப் பேசணும்?" என்றார். பலர் தலையாட்டினார்கள். நடத்திக்கொண்டிருந்த சகோதரி அவரை மறுத்துப் பேசவில்லை. "அம்மா சொல்றதைச் சரியா பார்த்துருவோம், அவ என்ன பேசினான்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு, அந்த அரை நிமிடக் காட்சியைத் திரும்ப ஓடவிட்டார். திரையில் அந்தப் பெண், "சாப்பாடு ஆறிடுச்சு, சூடு பண்ணட்டுமா?" என்று மட்டும்தான் கேட்டிருந்தாள். மண்டபம் முழுதும் அதை மறுபடி கேட்டது. அந்த அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அவ ஏதோ சொன்னான்னு நினைச்சிட்டேன்" என்றார். அவரை யாரும் அவமானப்படுத்தவில்லை. ஆகவே அதன் பிறகும் அவர் தொடர்ந்து பேசினார், அவர் வயதுப் பெண்களும் பேசினார்கள். சொற்பொழிவு செய்திருந்தால் இது நடந்திருக்காது. படத்தை நிறுத்தித் திரும்பப் போட முடியும் என்பதே உங்கள் கையில் உள்ள பெரிய வசதி, அதைப் பயன்படுத்துங்கள்.

"இவ்வளவு அடி வாங்கிட்டு ஏன் அவ அங்கேயே இருக்கா?" என்ற கேள்வியும் வரும். இதற்கு நீங்களே பதில் சொல்லாமல், வெள்ளைப் பலகையில் ஒரு பட்டியல் எழுத வையுங்கள்: இன்றிரவு அவள் கிளம்பினால் எங்கே படுப்பாள், நாளைக் காலை பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் கொண்டுவிடுவார், அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரங்களும் யாரிடம் இருக்கின்றன, வாடகை வீடு யார் பெயரில் இருக்கிறது, வங்கி அட்டை யார் கையில்? தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி வந்த பெண் என்றால் அவருடைய விசாவைப் புதுப்பிக்கக் கணவர் உடன் வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேருங்கள். பலகை நிறைந்துவிடும். பிரிந்துபோக முயலும் காலமே பெண்ணுக்கு மிகவும் ஆபத்தான காலம் என்பதையும் அப்போது சொல்லுங்கள். திட்டமில்லாமல் உடனே கிளம்பு என்று துணிச்சல் கொடுப்பது உதவி ஆகாது.

குடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். குடி அடியை மோசமாக்குகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே மனிதர் கடைத்தெருவில் யார்மேலும் கை வைக்காமல், லிஃப்டில் வந்தவருக்கு வணக்கமும் சொல்லிவிட்டு, கிரில் கதவைப் பூட்டிய பிறகுதானே அடிக்கத் தொடங்குகிறார்? அதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

ஆண்களை அழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் அழைக்க வேண்டும். ஆனால் அதே கூட்டத்துக்கு அல்ல. கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்து இத்தகைய படத்தைப் பார்த்துவிட்டு, மனைவி ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், அந்தக் கருத்து வீட்டில் விசாரிக்கப்படும். முதலில் பெண்களுக்கு மட்டும் ஒரு கூட்டம். அதில் கற்றதை வைத்து, சில வாரம் கழித்து ஆண்களுக்குத் தனிக் கூட்டம். அதை ஓர் ஆண் நடத்தட்டும்: குடியிருப்பு இளைஞர்கள் மதிக்கும் பந்து விளையாட்டுப் பயிற்றுநரோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ, தொழிற்சங்கத்துக்காரரோ யாராகவும் இருக்கலாம். அவர் வீட்டில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வந்திருக்கும் ஆண்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "உங்கள் மாடியில் இரவு பதினோரு மணிக்கு இப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள்?" என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மணியை அடித்து, தண்ணீர் உங்கள் வீட்டிலிருந்து ஒழுகுகிறதா, மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்பது எல்லாராலும் முடியும். தனியாகப் போக வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போக வேண்டும். ஆயுதம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் கதவருகே போகாமல் 999ஐ அழைக்க வேண்டும். யார் எந்த மாடி என்று அவர்களையே பேசி முடிவு செய்யவிடுங்கள். கோயில் தலைவரை இந்தக் கூட்டத்துக்கு அழைத்து, முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அவர் ஒருவர் தலையாட்டினால் ஐம்பது பேர் கேட்பார்கள்.

கடைசியாக, நாற்காலி அடுக்கும் நேரத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் சொல்வதை நம்புங்கள், இடைமறிக்காமல் கேளுங்கள், "உங்கள் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். கணவரிடம் நான் பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்; நல்லெண்ணத்தோடு செய்யும் அந்தச் சமரசம் பலமுறை அடியைக் கூட்டியிருக்கிறது. என்ன செய்வது என்ற முடிவு அவருடையது. அவருக்குத் தேவை தகவலும் துணையும்.

உடல் காயமோ அதற்கான அச்சுறுத்தலோ இருந்தால், சமூகநலத் துறை அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க முடியும். 2018 முதல் நடப்பில் உள்ள இந்த ஆணைக்குப் போலீஸ் புகார் முன்நிபந்தனை இல்லை. விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் வழங்கப்பட வேண்டும். ஏழு நாள் செல்லும். போலீஸ் புகார் கொடுத்து விசாரணை தொடங்கினால், விசாரணைக் காலத்துக்கு நீதிமன்றத்திலிருந்து இடைக்காலப் பாதுகாப்பு ஆணையும், வழக்குத் தொடரப்பட்ட பிறகு பாதுகாப்பு ஆணையும் பெறலாம். மனத்தைச் சிதைக்கும் கொடுமையையும் குடும்ப வன்முறைச் சட்டம் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் குடும்ப வன்முறையாக ஏற்கிறது. நம்மவர்களில் சிலர் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். சமயச் சடங்கோ மரபுச் சடங்கோ நடந்திருந்தால் பதிவு இல்லாத மனைவிக்கும் இச்சட்டம் பாதுகாப்பு தருகிறது. சடங்கு எதுவும் இல்லாமல் ஒன்றாக வாழ்பவர்களையும் காதலர்களையும் இச்சட்டம் சேர்க்கவில்லை. அவர்கள் குற்றவியல் சட்டத்தின் கீழ் போலீசில் புகார் கொடுக்கலாம். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், உங்களுக்கு அருகில் செபராங் ஜெயா மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஓஎஸ்சிசி எனப்படும் ஒருங்கிணைந்த நெருக்கடி மையத்தில் சிகிச்சையும் மருத்துவப் பதிவும் தனிமையில் நடக்கும்.

அரசின் தாலியன் காசே உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவது. ஜார்ஜ்டவுனில் ஜாலான் ஜோன்ஸில் உள்ள பினாங்கு மகளிர் மாற்ற மையம் 1985 முதல் இதே பணியைச் செய்து வருகிறது, எண் 04-2280342. கோலாலம்பூர் வட்டாரத்தில் 1982இல் தொடங்கப்பட்ட பெண்கள் உதவி அமைப்பு இருக்கிறது, எண் 03-30008858. இந்த எண்களைத் துண்டறிக்கையாக அச்சிட்டுக் கையில் கொடுக்காதீர்கள், கைப்பையில் அது கண்டெடுக்கப்படும். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம், கிழித்தெடுக்கக்கூடிய சிறு சீட்டுகளாக, எண்ணை மட்டும் எழுதி ஒட்டுங்கள். விரும்பியவர்கள் அதைத் தையல்காரர் என்றோ கேஸ் கடை என்றோ கைப்பேசியில் பதிந்துகொள்வார்கள்.

பிள்ளை ஒருவர் தனக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகச் சொன்னாலோ, பெரியவர் ஒருவர் அப்படி ஒரு பிள்ளைக்கு நடப்பதாகச் சொன்னாலோ, அதை இரகசியமாக வைத்துக்கொள்ள உங்களுக்கு அனுமதி இல்லை. 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டம், தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. குழுவினர் அனைவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தாய்வீட்டுக்குப் போன அந்த இளம்பெண்ணைப் பற்றி ஒரு வேண்டுகோள். அவர் கதையைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள், பெயர் சொல்லாமலும் சொல்லாதீர்கள். எல்லாருக்கும் யாரென்று தெரியும். வந்து பேசும்படி அவரை அழைக்கவும் வேண்டாம். அவருக்குச் செய்யக்கூடியது வேறு இருக்கிறது: சத்தத்தைக் கேட்டவர்கள் நீங்கள், எந்தெந்த நாள் என்ன கேட்டது என்று உங்களில் இருவரோ மூவரோ சாட்சி சொல்ல முன்வந்தால், அவர் வழக்குத் தொடர விரும்பினால், அது பெரிய பலமாக இருக்கும். சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறோம் என்பதை நம்பிக்கையான ஒருவர் மூலம் அவருக்குத் தெரிவித்து வையுங்கள். பயன்படுத்துவதும் விடுவதும் அவர் விருப்பம்.

நவம்பர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். உலகமெங்கும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பதினாறு நாள்கள் இதற்காக ஒதுக்கப்பட்டிருப்பது உண்மைதான். அந்த நாள்களில் அமைப்புகள் எல்லாருக்கும் வேலை அதிகம் என்பதும் உண்மை. உங்களோடு வந்து உட்காரப் பயிற்சி பெற்ற ஒருவர் ஜனவரியில்தான் கிடைப்பார் என்றால் ஜனவரியிலேயே வையுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஜார்ஜ்டவுன் மையத்தை அழைத்து, அவர்களில் ஒருவர் எந்த நாள் பட்டர்வொர்த்துக்கு வர முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தின் தேதியை அதை வைத்துக் குறியுங்கள்.